கெலாவா, தெங்காஸா?

பசாரில் யாராவது "காட்டுக் கெலா" என்று ஒரு மீனை நீட்டினால், உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்! முதலில் மீனின் வாயைப் பாருங்கள்.

குனோங் ராபாட்டில் நின்று கிழக்கே நோக்கினால் தெரிகிறதே தித்திவங்சா மலைத்தொடர், அதன் குளிர்ந்த ஓடைகளில் கெலாவும் உண்டு, தெங்காஸும் உண்டு. இரண்டும் கெண்டைக் குடும்பம். இரண்டுக்கும் பெரிய செதில், இரண்டு ஜோடி மீசை. நிறத்தை நம்பவே கூடாது. தண்ணீருக்குத் தக்கபடி அது மாறும்.

கீழுதட்டை விரலால் மெல்ல இழுங்கள். நடுவில் சின்ன நாக்கைப் போல ஒரு சதைமடல் இருந்தால் கெலா, இல்லாவிட்டால் தெங்காஸ். கெலாவிலும் மடல் நீண்டது ஒன்று, குட்டையானது ஒன்று. அவை இரண்டு இனமா, ஒன்றேதானா என்று மீனியல் அறிஞர்களே இன்னும் வாதாடுகிறார்கள்!

தெங்காஸும் ருசியான மீன்தான். ஆனால் காட்டுக் கெலா கிலோ நூற்றுக்கணக்கான வெள்ளிக்குப் போகிறது. அதைச் செதிலோடு அவித்துச் செதிலையும் மெல்லுவார்கள். நம் வீட்டு அம்மாக்கள் சுரண்டாமல் விடுவார்களா?

பிள்ளைகள் தூண்டிலில் சிறிய கெலா மாட்டினால் ஓடையிலேயே விடச் சொல்லுங்கள். மெதுவாக வளரும் மீன் அது. நம் பேராவிலேயே, பேலும் காட்டின் சுங்கை ரூவோக்கில், கெலாவுக்கென்று காப்பகம் வைத்திருக்கிறார்கள்.