'ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகிடப் போகுது?' - சொல்லப்படாத காயமும் எச்.ஐ.வி தடுப்பும்

"பொண்ணா இருந்தா பயப்படலாம். இவன் ஆம்பளப் பையன்தானே, இவனுக்கு என்ன ஆகிடப் போகுது?"

டியூஷனுக்கு அனுப்பும்போதும், லீவுக்கு உறவினர் வீட்டில் விடும்போதும், ஹாஸ்டலில் சேர்க்கும்போதும் நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லப்படுகிற வார்த்தை இது. பெண் குழந்தையிடம் 'குட் டச், பேட் டச்' சொல்லிக்கொடுக்கும் அம்மாக்கள்கூட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனிடம் அதைப் பேசுவதில்லை.

ஆனால், மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. 13 மாநிலங்களில் 12,000-க்கும் அதிகமான குழந்தைகளிடம் பேசி எடுக்கப்பட்ட ஆய்வு அது. ஏதாவது ஒரு வகையில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவிகிதம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது 52.94 சதவிகிதம் பேர், ஆண் குழந்தைகள். அத்துமீறியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு நன்கு தெரிந்தவர்கள் அல்லது குழந்தை நம்பியிருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை யாரிடமும் சொல்லவே இல்லை.

அப்படிச் சொல்லாமல் விட்ட சிறுவன் வளர்ந்து 25, 30 வயது ஆணாகும்போது என்ன ஆகிறது? இந்தக் கேள்விக்கான பதில்களில் ஒன்று, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. எச்.ஐ.வி தடுப்பு ஆராய்ச்சியிலிருந்து!

ஆறு நகரங்கள், 4,295 ஆண்கள்

1999-ல் அமெரிக்காவில் 'எக்ஸ்ப்ளோர்' என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. பாஸ்டன், சிகாகோ, டென்வர், நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ, சியாட்டில் ஆகிய ஆறு நகரங்களில், ஆண்களோடு பாலுறவு கொள்ளும் 4,295 ஆண்கள் இதில் சேர்ந்தார்கள். சேரும்போது யாருக்கும் எச்.ஐ.வி தொற்று இல்லை.

அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை. இன்னொரு பிரிவுக்கு, தனியாக உட்காரவைத்துப் பத்து அமர்வுகள். ஆபத்து எது, ஆணுறையை எப்படிப் பயன்படுத்துவது, மது குடித்திருக்கும்போது ஏன் கவனம் தவறுகிறது என்று ஒவ்வொருவரின் வாழ்க்கைக்கும் ஏற்ற மாதிரி பேசினார்கள். அதன் பிறகும் தொடர்ந்து சந்தித்தார்கள். இவ்வளவு செய்தும், எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை.

ஏன்? அதற்கான காரணங்களில் ஒன்று 2009-ல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையில் தெரியவந்தது. ஆராய்ச்சியாளர் மேத்யூ மிமியாகா குழுவினர், அதே 4,295 பேர் தந்த தகவல்களை மறுபடியும் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் 39.7 சதவிகிதம் பேர் சிறுவயதில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர்கள். இந்த ஆண்களுக்கு எச்.ஐ.வி தொற்று ஏற்படும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சுமார் 30 சதவிகிதம் அதிகமாக இருந்தது. அதைவிட முக்கியமான விஷயம், அந்தப் பத்து அமர்வு ஆலோசனை இவர்களுக்குத் தொற்றைக் குறைக்கவே இல்லை.

அதாவது, யாருக்கு ஆபத்து அதிகமோ, அவர்களிடம்தான் தடுப்பு முயற்சி தோற்றுப்போனது.

தெரிந்தும் ஏன் முடிவதில்லை?

'ஆணுறை அணியணும்னு தெரியாதா? படிச்சவன்தானே?' என்று கேட்பது எளிது. இவர்களில் பலருக்குத் தகவல் தெரியாமல் இல்லை. பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது.

சிறுவயதில் தன் உடம்பு மேல் தனக்கே உரிமை இல்லை என்று அனுபவத்தில் கற்றுக்கொண்ட ஒருவருக்கு, வளர்ந்த பிறகும் 'வேண்டாம்' என்ற சொல் சுலபமாக வருவதில்லை. நெருக்கமான தருணத்தில் பழைய பயம் எட்டிப் பார்க்கும். அப்போது மனம் அந்த இடத்தைவிட்டே விலகிப்போகும். உடம்பு அங்கே இருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார். அந்த நேரத்தில் பாதுகாப்பைப் பற்றி யோசிப்பது எப்படி?

சிலர் ஞாபகத்தை மறக்க மதுவையோ போதையையோ நாடுகிறார்கள். சிலர் மருத்துவமனை, பரிசோதனை, உடம்பைப் பற்றிய கேள்விகள் எல்லாவற்றையும் தவிர்க்கிறார்கள். 'நான் ஏற்கெனவே கெட்டுப்போனவன், என்னைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம் இன்னும் சிலருக்கு. தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றால், முதலில் தான் காக்கப்பட வேண்டியவன் என்று தோன்ற வேண்டும் அல்லவா?

இங்கே இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் பாதிக்கப்பட்ட எல்லா ஆண்களும் இப்படி ஆவதில்லை. பலர் மீண்டு வந்து நிம்மதியாக வாழ்கிறார்கள். அடுத்து, சிறுவயது அத்துமீறல்தான் ஒருவரைத் தன்பால் ஈர்ப்பாளராக மாற்றுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. பெண்ணை மணந்து குடும்பமாக வாழும் ஆண்களிலும் இந்தக் காயத்தைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாஸ்டனில் பத்து அமர்வுகள்

பாஸ்டனில் 'ஃபென்வே ஹெல்த்' என்றொரு சமூக மருத்துவ மையம் இருக்கிறது. 1971-ல் மாணவர்களின் முயற்சியால், அந்தப் பகுதி மக்களுக்கான சின்ன கிளினிக்காகத் தொடங்கப்பட்டது. எய்ட்ஸ் பரவிய காலத்தில், பாதிக்கப்பட்டவர்கள் பயமில்லாமல் போகக்கூடிய இடமாக வளர்ந்தது.

உளவியலாளர் கோனல் ஓ'கிளெரி தலைமையிலான குழு, இங்கே ஒரு புதிய முறையை முயன்று பார்த்தது. எச்.ஐ.வி ஆலோசனையையும், பழைய அதிர்ச்சிக்கான உளவியல் சிகிச்சையையும் தனித்தனியாக வைக்காமல், ஒன்றாகச் சேர்த்து மொத்தம் பத்து அமர்வுகளாக அமைத்தார்கள்.

நடந்த சம்பவத்தை அணு அணுவாக விவரிக்கச் சொல்வதில்லை இதன் நோக்கம். அந்தச் சம்பவம் மனதில் விட்டுச்சென்ற எண்ணங்களைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். 'தப்பு என் மேலதான்', 'யாரையும் நம்ப முடியாது', 'நான் மறுத்தால் விட்டுட்டுப் போயிடுவாங்க' என்பது போன்ற எண்ணங்கள். பத்து வயதில் புரிந்துகொண்டதை முப்பது வயதிலும் அப்படியே நம்ப வேண்டுமா என்று கேள்வி கேட்கப் பழகுகிறார்கள். பாதுகாப்பு, நம்பிக்கை, நெருக்கம், சுயமரியாதை என ஒவ்வொன்றாகப் பேசி, அது இன்றைய உறவுகளில் எப்படி வெளிப்படுகிறது என்று பார்க்கிறார்கள். ஆணுறை பற்றிய பேச்சு அதற்குள் இயல்பாக வந்துவிடுகிறது.

43 ஆண்களிடம் நடந்த முதற்கட்ட ஆய்வின் முடிவுகள் நம்பிக்கை தந்தன. பரிசோதனையும் வழக்கமான ஆலோசனையும் மட்டும் பெற்றவர்களைவிட, இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் பாதுகாப்பற்ற உறவு அதிகம் குறைந்தது. பழைய நினைவுகளிலிருந்து ஓடி ஒளியும் போக்கும் குறைந்தது. 43 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும், பெரிய ஆய்வில் கைவிடப்பட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்பதை அது காட்டியது.

லாஸ் ஏஞ்சலிஸில் உளவியலாளர் கெய்ல் வயட் உள்ளிட்டோர் இதே பிரச்னையை வேறு விதமாக அணுகினார்கள். சிறுவயதில் பாதிக்கப்பட்டு, இப்போது எச்.ஐ.வி-யுடன் வாழும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஆண்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகக் கூட்டினார்கள். 'ஆம்பளைன்னா அழக் கூடாது, அடிபடக் கூடாது' என்ற எதிர்பார்ப்பு அங்கேயும் உண்டு. அதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார்கள். தன்னைப்போலவே இன்னொருவனுக்கும் நடந்திருக்கிறது என்று முதன்முறையாகக் கேட்பதே பலருக்குப் பெரிய மாற்றம்தான்.

சென்னைக்கு வந்த பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரின் மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நகரத்திலேயே மனநலத்தையும் எச்.ஐ.வி தடுப்பையும் இணைக்கும் முயற்சியும் நடந்தது.

அமெரிக்க ஆய்வுகளில் பங்கெடுத்த அதே ஆராய்ச்சியாளர்கள் சிலர், சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளோடும், சென்னையின் 'சகோதரன்', மும்பையின் 'ஹம்சஃபர் டிரஸ்ட்' போன்ற சமூக அமைப்புகளோடும் கைகோத்தார்கள். இரண்டு நகரங்களிலும் 608 ஆண்கள் பங்கேற்றார்கள். நான்கு குழு அமர்வுகள், ஆறு தனி அமர்வுகள். 2021-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் முடிவுகள் வெளியாகின. இந்த அமர்வுகளில் பங்கேற்றவர்களிடம் பாதுகாப்பற்ற உறவு, மற்ற பிரிவினரைவிட அதிகமாகக் குறைந்திருந்தது.

இது சிறுவயதில் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான திட்டம் இல்லை. ஆனால், அடித்தளம் அதேதான். சமூகத்தின் ஏளனம், குடும்பத்தின் நெருக்கடி, தன்னைத் தானே வெறுப்பது ஆகியவற்றைத் தொடாமல் நோய்த்தடுப்பு மட்டும் பேசினால் போதாது என்பதுதான் அது.

கதவைத் தட்டுபவர் யார்?

இந்த முயற்சிகளில் சமூக அமைப்புகளின் பங்கு ஏன் முக்கியம்? சிறுவயதில் நம்பியவரால் ஏமாற்றப்பட்ட ஒருவர், முன்பின் தெரியாத டாக்டரிடம் போய் மனம் திறந்துவிட மாட்டார். ஆனால், தன் தெருவில், தன் மொழியில், தன்னைப்போலவே வாழும் ஒருவர் வந்து பேசினால் கேட்பார்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் தொண்டு நிறுவனங்கள் மூலம் பணியாற்றும் களப்பணியாளர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். ஆணுறை கொடுப்பது, பரிசோதனைக்கு அழைத்துப்போவது, மருந்து எடுப்பதை ஞாபகப்படுத்துவது என்று ஏற்கெனவே இவர்கள் கை நிறைய வேலை வைத்திருக்கிறார்கள். 'சின்ன வயசுல எனக்கு...' என்று ஒருவர் பேச்சைத் தொடங்கும்போது, அதிர்ச்சி காட்டாமல், தோண்டித் துருவாமல் கேட்கவும், அடுத்து எந்த உளவியல் ஆலோசகரிடம் அனுப்புவது என்று தெரிந்திருக்கவும் இவர்களுக்குப் பயிற்சி கிடைத்தால், எக்ஸ்ப்ளோர் ஆய்வு தவறவிட்டவர்களை நம் ஊரில் தவறவிடாமல் இருக்கலாம்.

எங்கே போவது, யாரிடம் பேசுவது?

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் 'நம்பிக்கை மையம்' பலருக்குத் தெரியும். அங்கே எச்.ஐ.வி பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி சட்டத்தின்படி, ஒருவரின் சம்மதத்தோடுதான் பரிசோதிக்க வேண்டும். முடிவையும் ரகசியமாக வைத்திருக்க வேண்டும்.

தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொற்று உறுதியானாலும் பயப்படத் தேவையில்லை. ஏ.ஆர்.டி மையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலை நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது.

எச்.ஐ.வி பற்றிய சந்தேகங்களுக்கு 1097. மனநல உதவிக்கு 'டெலி மானஸ்' 14416. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. மூன்றுமே கட்டணமில்லா எண்கள்.

2012-ல் வந்த போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. ஆண், பெண் என்ற வித்தியாசம் அதில் இல்லை. ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், அதைப் புகாராகத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

வீட்டில் தொடங்குவது

உங்கள் மகன் ஒருநாள் திடீரென்று 'அந்த அங்கிள் வீட்டுக்கு நான் போக மாட்டேன்' என்று சொன்னால், 'மரியாதை இல்லாம பேசாதே' என்று வாயை அடைக்காதீர்கள். ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். அவன் சொல்வதை நம்புங்கள். 'நீ ஏன் கத்தலை? நீ ஏன் ஓடி வரலை?' என்று கேட்காதீர்கள். பயத்தில் உறைந்துபோவது குழந்தையின் தப்பு இல்லை.

திருமணமான பிறகு கணவர் இதைச் சொல்லும் வீடுகளும் உண்டு. வருடக்கணக்காகப் பூட்டிவைத்ததை அவர் சொல்கிறார் என்றால், உங்களை அவ்வளவு நம்புகிறார் என்று அர்த்தம். அன்றைக்கே எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும். அவருக்கு விருப்பம் இருந்தால், ஆலோசகரிடம் சேர்ந்து போகலாம்.

எக்ஸ்ப்ளோர் ஆய்வில் 4,295 பேரில் கிட்டத்தட்ட 1,700 ஆண்கள், கேட்டதால்தான் சொன்னார்கள். அதற்குள் அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். சிலருக்குத் தொற்றும் வந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவர்களின் பத்து வயதிலேயே யாராவது கேட்டிருந்தால்?

நம் வீட்டில் இப்போது ஒரு பையனுக்குப் பத்து வயது ஆகியிருக்கலாம். அவனிடம் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.