ஒரு ஸ்டாருக்குப் பின்னால் யார்?

இரண்டு விமர்சனங்கள். இரண்டும் இந்தக் கட்டுரைக்காக எழுதப்பட்டவை. ஆனால் இதே சாயலில் இணையத்தில் தினமும் பார்க்கிறோம்.

"குடும்பத்தோடு போயிருந்தோம். என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அற்புதமான அனுபவம்! இந்த விடுமுறையை மறக்கவே முடியாது. கண்டிப்பாக மறுபடியும் போவோம்."

"மூன்றாவது மாடி அறை. பாத்ரூம் சின்னது. வெந்நீர் காலை எட்டு மணியோடு நின்றுவிடுகிறது. படுக்கை சுத்தம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போகலாம்."

இப்படி அருகருகே வைத்தால் சந்தேகம் எளிதாக வரும். நூற்றுக்கணக்கில், கலந்து, ஒவ்வொன்றாக வந்தால் என்ன ஆகும் என்பதை 2011இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைல் ஆட், யெஜின் சோய், கிளேர் கார்டி, ஜெஃப்ரி ஹான்காக் ஆகியோர் சோதித்தார்கள். சிகாகோ நகரின் 20 ஹோட்டல்களைப் பற்றி டிரிப்அட்வைசரில் வந்திருந்த 400 பாராட்டு விமர்சனங்களை எடுத்துக்கொண்டார்கள். அதே ஹோட்டல்களைப் பற்றி, அங்கே தங்காதவர்களிடம் ஒன்றுக்கு ஒரு டாலர் கொடுத்து 400 பொய் விமர்சனங்களை எழுதி வாங்கினார்கள். அவற்றில் ஒரு பகுதியைக் கலந்து மூன்று மாணவர்களிடம் கொடுத்து, எது மெய், எது பொய் என்று பிரிக்கச் சொன்னார்கள். மூவரில் சிறந்தவர்கூட நூற்றுக்கு 62ஐத் தாண்டவில்லை. நாணயத்தைச் சுண்டிப்போட்டுத் தீர்ப்புச் சொல்லியிருந்தாலே 50 கிடைத்திருக்கும். சொற்களின் எண்ணிக்கையையும் சேர்க்கையையும் கற்றுக்கொண்ட கணினி நிரலோ கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகச் சொன்னது.

நிரல் கண்டுகொண்ட வேறுபாடு எளிமையானது. உண்மையில் தங்கியவர்களின் எழுத்தில் இடம் இருந்தது: குளியலறை, மாடி, அறையின் அளவு, விலை. தங்காதவர்களுக்கு அந்த இடம் தெரியாது. அதனால் தங்களைப் பற்றியும் தங்களோடு வந்தவர்களைப் பற்றியும் வந்த காரணத்தைப் பற்றியும் எழுதி நிரப்பினார்கள். 'நான்', 'என் கணவர்', 'விடுமுறை' போன்ற சொற்கள் பொய்யில் கூடுதல். பின்னர் 2013இல் இதே ஆய்வுக் குழுவினர் வசை விமர்சனங்களையும் சோதித்தார்கள். காசு வாங்கித் திட்டியவர்கள், உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாகக் கொதித்திருந்தார்கள். கெட்ட அனுபவம் பட்டவரிடம் சொல்ல விஷயம் இருக்கும். பொய்யரிடம் கோபம் மட்டுமே இருக்கும்.

சிறு கடை நடத்துகிற எல்லோரும் இந்தச் சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வாசித்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. அந்த நம்பிக்கை தவறு. இரவு கல்லாவை எண்ணி முடித்துவிட்டு கைப்பேசியைத் திறக்கும் மெஸ் உரிமையாளருக்கு ஒரு ஸ்டார் கண்ணில் படுகிறது. "எதிர்த்த கடைக்காரன் வேலைதான்" என்று மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அவர் நினைப்பது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுபோனது சான்று அல்ல, வலி.

எதிர்த்த கடைக்காரன் வேலை என்பது வெறும் கற்பனையும் இல்லை. தீனா மேஸ்லின், யானிவ் டோவர், ஜூடித் செவாலியர் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் நான் படித்தவற்றிலேயே மிக நேர்த்தியானது. யாரையும் விசாரிக்காமல், ஒரு விமர்சனத்தைக்கூடப் பொய் என்று முத்திரை குத்தாமல் அவர்கள் விடையை எட்டினார்கள். எக்ஸ்பீடியா தளத்தில் விமர்சனம் எழுத வேண்டுமானால் அதன் வழியாக அறை எடுத்திருக்க வேண்டும். டிரிப்அட்வைசரில் அப்போது யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆக, ஒரே ஹோட்டலுக்கு இரண்டு தளங்களிலும் உள்ள மதிப்பீடுகளை ஒப்பிட்டால், பொய் சொல்லச் செலவாகும் இடத்துக்கும் இலவசமாகச் சொல்லும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். பக்கத்திலேயே போட்டி ஹோட்டல் இருக்கிற ஹோட்டல்களுக்கு, டிரிப்அட்வைசரில் வசைகளின் பங்கு கூடுதலாக இருந்தது. பக்கத்து ஹோட்டல் பெரிய நிறுவனத்தின் கிளையாக இல்லாமல் தனி முதலாளியுடையதாக இருந்தால் இன்னும் கூடுதல். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. பிடிபட்டால் பெரிய நிறுவனத்துக்கு எல்லா ஊரிலும் பெயர் கெடும். தனி முதலாளிக்கு இழப்பு ஒரே இடத்தில். கிடைக்கும் லாபமோ முழுக்க அவர் பைக்கு.

ஆனால் எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் இருவரின் ஆய்வு (அதுவும் 2014) வேறொரு மனிதரைக் காட்டியது. தன் சொந்தப் பெயரில் ஆடைகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் தளத்தில் வந்த விமர்சனங்களை, விற்பனைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். சுமார் 5 சதவீத விமர்சனங்களை எழுதியவர்கள் அந்தப் பொருளை வாங்கியதற்கான பதிவே இல்லை. அந்த விமர்சனங்கள் மற்றவற்றைவிடக் கடுமையாகவும் இருந்தன. போட்டியாளர்கள்தானே? பெரும்பாலும் இல்லை. பலர் அந்த நிறுவனத்தில் நெடுங்காலமாக வாங்கிவந்த விசுவாசமான வாடிக்கையாளர்கள். 'நம்ம கடை இப்படி ஒரு பொருளை விற்கலாமா' என்ற உரிமையில், வாங்காத பொருளுக்கும் குறை எழுதியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அப்படிப்பட்டவரைப் பொய்யர் என்று பொதுவெளியில் திட்டினால் கடை இழப்பது தன் சிறந்த வாடிக்கையாளரை.

ஒற்றை விமர்சனத்தின் சொற்களை நம்ப முடியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? கூட்டத்தைப் பார்க்க வேண்டும். தளங்களின் பாதுகாப்பு நிரல்களும் அதைத்தான் செய்கின்றன: எந்தக் கணக்கு எந்தக் கடைக்கு எப்போது ஸ்டார் கொடுத்தது என்று ஒரு வலையாக வரைந்துகொள்கின்றன. கூலிக்கு எழுதுபவர்கள் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்வதால், அதே சில கணக்குகள் அதே சில கடைகளைக் குறுகிய நேரத்துக்குள் தொட்டுச் செல்லும். அந்த இடத்தில் வலை முடிச்சுப் போட்டது போல் அடர்ந்துவிடும். ஒருவர் தன் சொற்களை எவ்வளவு திறமையாக மாற்றினாலும் இந்த முடிச்சை மறைப்பது கடினம். கடை உரிமையாளர் இதைக் கையாலேயே ஓரளவு செய்யலாம். வாரத்துக்கு இரண்டு விமர்சனம் வரும் கடைக்கு ஒரே மாலையில் பதினைந்து ஒற்றை ஸ்டார் வந்தால் அது இயல்பு இல்லை. எழுதியவரின் பக்கத்தைத் திறந்தால் ஒரே நாளில் நான்கு மாநிலங்களில் சாப்பிட்டிருக்கிறாரா? அந்தத் தேதியில் கடை திறந்திருந்ததா? அவர் குறை சொல்லும் பதார்த்தம் நம் பட்டியலில் இருக்கிறதா? இவற்றைத் திரையோடு படமெடுத்து வைத்துக்கொண்டு தளத்தில் புகார் செய்தால், "இது பொய்" என்று வெறுமனே அழுத்துவதைவிட எடுபட வாய்ப்பு அதிகம்.

சில வேளை பொய்யர் தானே வந்து அறிமுகமாகிறார். 2022இல் சிகாகோ, சான்பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களின் உணவகங்களுக்குத் திடீரென ஒற்றை ஸ்டார்கள் குவிந்தன. பின்னாலேயே மின்னஞ்சல் வந்தது: 75 டாலர் மதிப்புள்ள கூகுள் ப்ளே பரிசு அட்டை அனுப்பினால் நீக்கிவிடுகிறோம், இல்லாவிட்டால் தொடரும். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுப்பவர் என்று பெயர் பதிந்துவிட்டால் அடுத்த மாதமும் வருவார்கள். மிரட்டலின் நகலோடு தளத்துக்கும் சைபர் குற்றப் பிரிவுக்கும் போக வேண்டும்.

இனி, மெய்யோ பொய்யோ என்று தீர்மானிக்கவே முடியாத விமர்சனங்கள். பெரும்பான்மை இவைதான். பதில் எழுதுவதா, பேசாமல் விடுவதா? டேவிடே ப்ரொசெர்பியோ, ஜார்ஜியோஸ் ஜெர்வாஸ் இருவரும் டெக்சஸ் மாநில ஹோட்டல்களை வைத்து 2017இல் இதை ஆராய்ந்தார்கள். பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு விமர்சனங்களின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது. சராசரி 0.12 ஸ்டார் உயர்ந்தது. சிறிய எண் போலத் தெரியும். ஆனால் அரை ஸ்டார் அரை ஸ்டாராகக் காட்டும் தளத்தில், விளிம்பில் நிற்கும் ஹோட்டலை அது அடுத்த படிக்கு ஏற்றிவிடும். இன்னொரு மாற்றமும் நடந்தது. எதிர்மறை விமர்சனங்கள் குறைந்தன. ஆனால் வந்தவை நீண்டன. முதலாளி படிக்கிறார், பதில் சொல்கிறார் என்று தெரிந்தால், போகிற போக்கில் ஒற்றை வரியில் கொட்டிவிட்டுப் போகிறவர் தயங்குகிறார். உண்மையான குறை உள்ளவர் விவரமாக எழுதுகிறார்.

பதில், திட்டியவருக்காக எழுதப்படுவதாகத் தோன்றினாலும், அதைப் படிக்கப்போவது நாளை எங்கே சாப்பிடலாம் என்று தேடும் முன்பின் தெரியாத ஒருவர். அவர் முன்னால் கடைக்காரர் எப்படி நிற்கிறார் என்பதே கேள்வி. "வணக்கம் சார். ஞாயிறு மதியம் சாம்பார் ஆறிப்போயிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அன்று கூட்டம் அதிகம், கவனிக்கத் தவறியிருக்கலாம், மன்னிக்கவும். பில் தேதியைக் கடை எண்ணில் சொன்னால் விசாரித்துச் சொல்கிறேன்." இதில் சண்டை இல்லை, கெஞ்சலும் இல்லை. வராதவரிடம் பில் தேதி இருக்காது. அதைப் படிக்கிறவர் தானே புரிந்துகொள்வார். மருத்துவமனை நடத்துபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: கோபத்தில் நோயாளியின் நோயையோ சிகிச்சையையோ பதிலில் எழுதிவிடக் கூடாது. விமர்சனம் பொய்யாகவே இருந்தாலும், நோயாளியின் ரகசியம் காப்பது மருத்துவரின் கடமை.

கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பதற்றத்துக்கு அது நல்ல மருந்து. பன்னிரண்டு விமர்சனங்களும் ஐந்து ஸ்டாராக உள்ள புதுக் கடைக்கு ஒரு ஒற்றை ஸ்டார் விழுந்தால் சராசரி 4.69 ஆகிவிடும். 400 விமர்சனங்களோடு 4.6இல் நிற்கும் கடைக்கு அதே அடி விழுந்தால் 4.59. புதுக் கடைக்கு மேலும் ஏழு பேர் ஐந்து ஸ்டார் தந்தால் 4.8க்கு வந்துவிடலாம். ஆகவே வசையிடமிருந்து பாதுகாப்பு எண்ணிக்கையில் இருக்கிறது: சாப்பிட்டு முடித்த எல்லோரிடமும், முகம் மலர்ந்தவரிடம் மட்டும் அல்ல, எழுதச் சொல்லிக் கேட்பது. தள்ளுபடி காட்டிக் கேட்பதைக் கூகுள் விதிகளே தடுக்கின்றன. முழு ஐந்து ஸ்டாருக்கு ஏங்கவும் தேவையில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று பார்த்தபோது, வாங்கும் வாய்ப்பு உச்சத்தைத் தொட்டது 4.0க்கும் 4.7க்கும் இடையில். ஐந்தை நெருங்க நெருங்க வாங்குபவருக்குச் சந்தேகம் வருகிறது.

இந்தப் பதற்றத்தில்தான் பலர் காசு கொடுத்துப் பாராட்டு வாங்கும் குழிக்குள் இறங்குகிறார்கள். ஷெரி ஹே, பிரெட் ஹாலன்பெக், ப்ரொசெர்பியோ மூவரும் அமேசான் பொருள்களுக்கு ஃபேஸ்புக் குழுக்களில் விமர்சனம் வாங்கியவர்களைத் தொடர்ந்து கண்காணித்து 2022இல் எழுதினார்கள். வாங்கும் வரை ஸ்டாரும் விற்பனையும் ஏறின. நிறுத்தியதும் ஏமாந்தவர்களின் ஒற்றை ஸ்டார்கள் வரிசையாக வந்தன. சட்டமும் நெருங்கிவருகிறது. இத்தாலியின் லெச்சே நகர நீதிமன்றம் 2018இல், டிரிப்அட்வைசருக்குப் பொய் விமர்சனம் விற்ற ஒருவருக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அமெரிக்க வணிக ஆணையம் 2024 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய விதியில், அப்போது ஒவ்வொரு மீறலுக்கும் 51,744 டாலர் வரை அபராதம் இருந்தது.

அந்தப் பாராட்டுகளை எழுதுகிறவர்கள் யார் என்பதையும் பேச வேண்டும். நம் ஊரில் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் 'வீட்டிலிருந்தே வேலை' என்று செய்தி வருகிறது. முன்பின் தெரியாத ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார் கொடுத்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் நூறு, நூற்றைம்பது ரூபாய் கணக்கில் விழுகிறது. நம்பிக்கை வந்த பிறகு 'ப்ரீபெய்டு டாஸ்க்' என்று பணம் கட்டச் சொல்கிறார்கள். சேமிப்பெல்லாம் போனபின் குழு காணாமல் போகிறது. வேலை தேடும் பட்டதாரிகளும் வீட்டில் இருக்கும் பெண்களும் இதில் லட்சக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பொய்யான ஐந்து ஸ்டாருக்குப் பின்னாலும் இப்படி ஒரு பாதிக்கப்பட்டவர் இருக்கக்கூடும் என்பதுதான் இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்துவது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. குளியலறையின் அளவையும் வெந்நீர் நின்ற நேரத்தையும் அதுவே நம்பும்படி எழுதித் தரும். 2011இல் கணினிக்குக் கைகொடுத்த சொல் அடையாளங்கள் இனி அவ்வளவு உதவா. மிஞ்சுவது, எழுதியவர் உண்மையில் வந்தாரா என்ற கேள்வி மட்டுமே. இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற விதிமுறையைக் கொண்டுவந்தது. விமர்சனம் எழுதுபவரை எப்படி உறுதிசெய்வது, எப்படிச் சரிபார்த்து வெளியிடுவது என்று அது வகுத்துச் சொல்கிறது. வந்தபோது அதை ஏற்பது தளங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. டீக்கடையில்கூட யுபிஐயில் பணம் கொடுக்கும் நாட்டில், 'இவர் இங்கே பணம் செலுத்தியவர்' என்ற ஒரு சிறு குறியை, எழுதியவர் சம்மதித்தால், விமர்சனத்தின் அருகே இடுவது தொழில்நுட்பத்துக்கு எட்டாத காரியம் அல்ல. ரொக்கம் கொடுத்துச் சாப்பிட்டவரும் எழுதட்டும், அவர் வாயை அடைக்கக் கூடாது. குறி இருப்பவை தனியாக, இல்லாதவை தனியாக, இரண்டு சராசரிகளாகக் காட்டினால் போதும்.