உலைச் சிகரத்துக்கு ஒரு நடைப்பயணம்

எரிமலை என்ற சொல்லைக் கேட்டதும் தீயும் புகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதன்மேல் நடந்து செல்ல ஒருவர் திட்டமிடுகிறார் என்றால், அவருடைய துணிச்சலை வியப்போம். அல்லது அறிவை ஐயுறுவோம். ஆனால், இந்துமாக்கடலிலுள்ள ரியூனியன் தீவின் எரிமலைக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நடந்தே சென்று, அதன் வாயைக் கண்டு திரும்புகின்றனர். அவ்வழியில் அஞ்சத்தக்கவை தீயைக் காட்டிலும் மூடுபனியும், தாகமும், நேரத்தைத் தவறாகக் கணக்கிடுதலுமே ஆகும். இதனை மனத்திற் கொண்டு அப்பயணத்தை வகுக்கும் முறையை இங்கே காண்போம்.

மும்பையிலும் புனேயிலும் வாழும் நம்மவர்க்கு இம்மலை முற்றிலும் அந்நியமானதன்று. சஹ்யாத்திரி மலைச்சரிவுகளில் படிப்படியாக அடுக்கி வைத்தாற்போல் தோன்றும் கரும்பாறை, ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வழிந்து உறைந்ததாகும். பூமியின் ஆழத்திலுள்ள ஒரு வெப்ப ஊற்றே அன்று தக்காணத்துப் பாறையைப் பொழிந்தது என்றும், இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்துவிட்ட பின், அதே ஊற்றின்மீதுதான் இன்று ரியூனியன் அமைந்திருக்கிறது என்றும் புவியியல் அறிஞர் பலர் கருதுகின்றனர். அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பெற்ற பாறைக்கு இளைய உடன்பிறப்பு ஒன்று அத்தீவில் இன்னும் பிறந்துகொண்டிருக்கிறது எனலாம்.

ரியூனியன், பிரான்சு நாட்டின் ஆட்சிப் பகுதிகளுள் ஒன்று. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர்க் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுள் தமிழர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் கோயில் எழுப்பித் தீமிதித் திருவிழா நடத்துகின்றனர். ஆயினும் அவர்கள் வீட்டில் வழங்குவது பெரும்பாலும் கிரியோல் மொழியே. மலைப்பாதையின் அறிவிப்புகளோ பிரெஞ்சு மொழியில் இருக்கும். ஆகவே, ‘ஃபெர்மே’ என்ற ஒரு சொல்லையாவது அறிந்து செல்லுதல் நலம். ‘மூடப்பட்டது’ என்பது அதன் பொருள்.

எரிமலையின் பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ். ‘உலைச் சிகரம்’ என்று நாம் கூறலாம். அதன் உயரம் 2,632 மீட்டர். சிகரத்தைச் சுற்றிலும், கடலை நோக்கிய கிழக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்க, குதிரை லாட வடிவில் செங்குத்தான பாறைச் சுவர் ஒன்று வளைந்து நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டு முதல் இம்மலை 150 முறைக்கு மேல் பொங்கியிருக்கிறது. குழம்பு இளகிய தன்மையுடையதாதலால், பெரும்பாலும் அது வெடித்துச் சிதறாமல் நிலப்பிளவுகளின் வழியே வழிந்தோடி, அச்சுவருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விதிவிலக்கும் உண்டு. 1977-இல் சுவருக்கு வெளியே புறப்பட்ட குழம்பு, பித்தோன் சேந்த் ரோஸ் என்னும் ஊருக்குள் புகுந்து வீடுகளை அழித்தது. மாதாகோயிலின் வாசல்வரை வந்து, கட்டடத்தை விட்டுவிட்டு இருபுறமும் சூழ்ந்துகொண்டது. அந்நிகழ்ச்சிக்குப் பின்னர்ப் பூர்க் மூரா என்னும் சிற்றூரில் எரிமலை ஆய்வு நிலையம் ஒன்று அமைக்கப்பெற்றது.

அந்நிலையத்தின் கருவிகள் மலையின் நாடியை இடைவிடாது பார்க்கின்றன. குழம்பு மேலெழும்போது பாறைகள் பிளந்து சிறு நில நடுக்கங்கள் பெருகும். மலையின் மேற்பரப்பு சிறிதளவு புடைக்கும். இவ்வறிகுறிகள் முற்றினால் அரசு அதிகாரிகள் சுவருக்குள் இறங்கும் வாயிற்கதவை மூடிவிடுவர். சில சமயம் நாட்கணக்கிலும், சில சமயம் வாரக்கணக்கிலும் அது மூடியே இருக்கும். ஆகையால் பயணத்தின் கடைசி நாளில் மலையேற்றத்தை வைத்துக்கொள்ளலாகாது. முதல் நாட்களிலேயே வைத்து, இரண்டொரு நாளைக் கூடுதலாகவும் ஒதுக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய மாலையிலும், அன்று காலையிலும் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டறிதல் இன்றியமையாதது.

மே முதல் நவம்பர் வரை அங்கே மழை குறைந்த குளிர்காலம். ஜனவரி முதல் மார்ச் வரை புயற்காலம். குளிர்காலத்திலும் காலைப்பொழுது தெளிவாக இருந்து, முற்பகல் கழியுமுன் மேகம் வந்து மலையை மூடுவது வழக்கம். எனவே விடியுமுன்பே பூர்க் மூராவினின்றும் காட்டுச் சாலையில் புறப்பட்டு, செம்மண்ணும் கருமணலும் பரந்த வெட்டவெளியைக் கடந்து, 2,311 மீட்டர் உயரத்திலுள்ள பா த பெல்கோம்ப் என்னுமிடத்தை அடைய வேண்டும். சாலை அங்கே முடிகிறது. நடை அங்கே தொடங்குகிறது.

முதலில் ஏற்றமன்று, இறக்கமே. சுவரின் விளிம்பிலிருந்து 500-க்கு மேற்பட்ட படிகள் கீழே செல்கின்றன. இறங்கியதும் எதிர்ப்படுவது செந்நிறச் சிறுகுன்று ஒன்று. நம் வீட்டு முற்றத்து மணலில் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் குழியானையின் பெயரை அதற்கு இட்டிருக்கின்றனர். உச்சியிலுள்ள குழியின் தோற்றமே காரணம். அப்பால் கயிறு திரித்தாற்போலவும், உடைந்த செங்கற் குவியல் போலவும் உறைந்த பாறைகளின் மேல் வழி செல்கிறது. வழியைக் காட்டுவன பாறைகளில் தீட்டிய வெள்ளைக் குறிகளே. ஒரு குறியில் நின்று அடுத்த குறியைக் காண இயலாதவாறு பனி மூடினால், மேலே செல்லாது அங்கேயே நிற்க வேண்டும். குறுக்கு வழி தேடுவது பேராபத்து. பாறையின் மெல்லிய மேலோட்டின் கீழ் வெற்றிடம் இருக்கக்கூடும்.

வழியில் நீருமில்லை, நிழலுமில்லை. ஒருவருக்கு மூன்று லிட்டர் நீர், சிற்றுண்டி, கணுக்காலைத் தாங்கும் காலணி, தொப்பி, மழைச்சட்டை, கம்பளிச்சட்டை ஆகியன வேண்டும். வெப்பமண்டலத் தீவுதானே என்று கம்பளியை விடுதியிலேயே விட்டுச் செல்வோர், விடியற்காலையில் நீர் உறையும் குளிரில் நடுங்குவர். அவர்களே நண்பகலில் வெயிலால் தோல் கன்றுவர்.

உச்சியிலுள்ள தொலோமியு என்னும் பெருவாய், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுடையது. ஏப்ரல் 2007-இல் மலைச்சரிவின் கீழ்ப்பகுதியில் பெருங்குழம்பு வெளியேறியபோது, இவ்வாயின் தளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே அமிழ்ந்தது. அதன் விளிம்புகள் உறுதியற்றவை. ஆதலால் பார்வைக்கென ஒதுக்கிய இடத்திலேயே நின்று காண வேண்டும். படம் பிடிக்கும் ஆவலில் ஓரடியும் முன்னே வைத்தலாகாது.

போகவர ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஆகும். இறங்கிய படிகளனைத்தையும் களைத்த கால்களோடு மீண்டும் ஏறவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கொண்டுசென்ற நீரில் பாதி தீர்ந்துவிட்டாலும், குறித்த நேரம் வந்துவிட்டாலும், உச்சி கண்ணெதிரே தோன்றினும் திரும்பிவிட வேண்டும். தீயின் வரவைக் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. நீரையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள நம்மைத் தவிர வேறெவரும் இல்லை. ஆகவே பயணத் திட்டத்தை எழுதும்போது, புறப்படும் நேரத்துக்கு முன்னதாகத் திரும்பும் நேரத்தை எழுதிக்கொள்க.