ஒரு பக்கமும் பல திரைகளும்



இருபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த இணையப் பக்கங்கள் பலவற்றின் அடியில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். ‘இப்பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியில், 800-க்கு 600 என்னும் திரையளவில் காண்பது நன்று’ என்பது அக்குறிப்பு. தமிழ்ப் பக்கமாயின், ‘எழுத்துகள் தெரியாவிடின் இவ்வெழுத்துருவை இறக்கிக் கொள்க’ என்று இன்னொரு வரியும் சேர்ந்திருக்கும். அச்சிட்ட நூல் எதிலேனும், ‘இந்நூலை இன்ன மேசைமேல் வைத்து, இன்ன விளக்கொளியில் படிக்க’ என்று எழுதியிருக்கக் கண்டதுண்டா? இல்லை. நூலுக்கு வேண்டாத நிபந்தனை இணையப் பக்கத்துக்கு மட்டும் ஏன் வேண்டியதாயிற்று? அதனை ஆராய்வதே இன்றைய பேச்சு. இதில் எனக்குச் சொந்தமான ஒரு பழைய கணக்கும் உண்டு.

1993-இல் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணவர்கள், பத்தாண்டு நிறைந்தபோது, வகுப்புத் தோழர் அனைவரும் பள்ளியில் ஒரு நாள் கூட வேண்டும் என்று விரும்பினர். அவர்களுள் கணிப்பொறி கற்ற ஒருவர் அதற்கென ஒரு வலைத்தளம் அமைத்தார். பழைய வகுப்புப் புகைப்படம், அழைப்பிதழ், நான் எழுதிக் கொடுத்த நான்கு வரி வாழ்த்து ஆகியவை அதில் இடம்பெற்றன. கூட்டம் 2003 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணிக்கு.

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. நான் வகுப்பில் இருந்தேன். வாயிலில் யாரோ காத்திருப்பதாகச் சொன்னார்கள். சென்று பார்த்தால், கையில் பெட்டியுடன் ஒருவர் நிற்கிறார். சூரத்து நகரில் ஒரு துணியாலையில் வேலை பார்ப்பவர். அதே வகுப்பு மாணவர். “ஐயா, கூட்டம் எந்த அறையில் நடக்கிறது?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நண்பர் ஒருவர் அஞ்சலட்டையில் தளத்தின் முகவரியை மட்டும் எழுதி, ‘விவரமெல்லாம் இதில் உள்ளது’ என்று முடித்திருந்தாராம். இவர் அங்குள்ள கணிப்பொறி நிலையமொன்றில் அதனைத் திறந்து பார்த்திருக்கிறார். “படத்தில் நான் நின்றது தெரிந்தது ஐயா. மற்றதெல்லாம் ஏதோ வேற்று மொழிக் கிறுக்கல்போல் இருந்தது. 28 என்பதும் 10 என்பதும் மட்டும் புரிந்தன” என்றார். அடுத்து வரும் 28 எதுவோ அதுவே நாள் என்று கொண்டு, ஆண்டு விடுமுறை முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். டிசம்பரில் மீண்டும் வர அவருக்கு விடுப்பும் இல்லை, பொருளும் இல்லை.

இதில் பிழை யாருடையது? படித்தவருடையது அன்று. பக்கத்தை அமைத்தவரும் சோம்பேறி அல்லர். அவர் தம் திரையில் பார்த்தார், அழகாக இருந்தது, பிறர் திரையிலும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிவிட்டார். அவ்வாறு இராமைக்குக் காரணம் உண்டு.

அச்சிட்ட பக்கம் முடிந்த பொருளாக நம் கைக்கு வருகிறது. இணையப் பக்கம் அத்தகையது அன்று. அது வெறும் கட்டளைகளாக வருகிறது. ‘இது தலைப்பு, இது பத்தி, இங்கே ஒரு படம்’ என்னும் குறிகள் கலந்த எழுத்தே வந்து சேர்கிறது. அதனைப் பக்கமாக அமைத்துத் திரையில் காட்டுவது உங்கள் கணிப்பொறியில் உள்ள உலாவி என்னும் நிரல். பள்ளியில் ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதுவதை நினைத்துக் கொள்ளுங்கள். ஆசிரியர் சொல்லும் பாடம் ஒன்றே. நாற்பது ஏட்டில் நாற்பது விதமாக அமைகிறது. அகலமான ஏட்டில் எட்டுச் சொல் ஒரு வரியில் அடங்கும். ஒடுங்கிய ஏட்டில் ஐந்தே அடங்கும். ஆயினும் பாடம் கெடுவதில்லை. மாறாக, ‘இடப்பக்கத்திலிருந்து எட்டு அங்குலம் தள்ளி நாளை எழுதுங்கள்’ என்று ஆசிரியர் சொல்வாராயின், ஆறு அங்குல ஏடு வைத்திருக்கும் பிள்ளை எங்கே எழுதுவான்?

வலையைக் கண்டவர் இந்தச் ‘சொல்லி எழுதும்’ முறையைத்தான் நாடினார். சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் இத்திட்டத்தை முன்வைத்தார். அங்கே பல நாட்டு அறிஞர்கள் பலவகைக் கணிப்பொறிகளைப் பயன்படுத்தினர். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் திறவாது. எந்தப் பொறியிலும் படிக்கத்தக்க ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது.

பின்னர்ப் போட்டி புகுந்தது. 1994-இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வெளிவந்தது. 1995-இல் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வந்தது. ஒவ்வொன்றும் மற்றதை வெல்ல வேண்டிப் புதுப்புதுக் குறிகளைத் தானே படைத்துக் கொண்டது. ஒன்று எழுத்தை விட்டுவிட்டு மின்னச் செய்தது. மற்றொன்று எழுத்தைப் பக்கவாட்டில் ஓடச் செய்தது. (இரண்டுமே படிப்பவர் கண்ணுக்கு வேதனை.) ஓர் உலாவிக்கு விளங்கும் குறி மற்றதற்கு விளங்கவில்லை. 1994-இல் அமைந்த உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பொது விதிகளை வகுத்தது. பக்கத்தின் ஒப்பனையைத் தனியே குறிக்கும் சி.எஸ்.எஸ். முறையை 1996-இல் வெளியிட்டது. ஆனால் விதி வகுப்பது வேறு. அதன்படி நடப்பது வேறு. எக்ஸ்ப்ளோரர் போட்டியில் வென்று, 2003-ஆம் ஆண்டளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் கையில் இருந்தது. அதில் சரியாகத் தெரிந்தால் போதும் என்று பக்கம் அமைப்போர் இருந்துவிட்டனர்.

திரையளவின் கதையும் இதைப் போன்றதே. கணிப்பொறித் திரை என்பது நுண்புள்ளிகளின் கட்டம். 800-க்கு 600 என்றால், குறுக்கே 800, நெடுக்கே 600, ஆக 4,80,000 புள்ளிகள். அக்காலத்தில் 640-க்கு 480 உள்ள பழைய திரைகளும் இருந்தன. 1024-க்கு 768 உள்ள புதியனவும் இருந்தன. பக்கத்தை அமைப்பவர் 800 புள்ளி அகலம் என்று ஆணியடித்துவிட்டால், பழைய திரையில் வலப்புறம் 160 புள்ளிகள் மறைந்து போகும். பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். சூரத்திலிருந்து வந்தவரைக் கெடுத்தது உலாவியைக் காட்டிலும் எழுத்துருவே. கணிப்பொறி எழுத்தை எழுத்தாக வைத்துக் கொள்வதில்லை. எண்ணாகவே வைத்துக் கொள்கிறது. பழைய ஏற்பாட்டில் 256 எண்களுக்கே இடம். முற்பாதி 128 இடங்களில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக் குறிகளும் இருந்தன. பிற்பாதியில் ஐரோப்பிய மொழிகளின் புள்ளியிட்ட, கோடிட்ட எழுத்துகள் இருந்தன. தமிழ் எழுத்துரு செய்தோர் பலர் அப்பிற்பாதியில் தமிழைக் குடியேற்றினர். அதுவும் ஆளுக்கொரு வரிசையில்! ஒருவர் ககரத்தை வைத்த வீட்டில் மற்றொருவர் மகரத்தை வைத்தார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் பொது முறைகள் வந்தன. இணைய ஆர்வலர்கள் வகுத்த திஸ்கி என்னும் முறையும் இருந்தது. ஆயினும் பழைய வரிசைகள் மறையவில்லை.

அந்த எழுத்துரு இல்லாத பொறியில் பக்கத்தைத் திறந்தால் என்ன ஆகும்? உரிய எண்களுக்கு உரிய ஐரோப்பிய எழுத்துகளே தோன்றும். ‘டிசம்பர்’ என்பது கிறுக்கலாகும். ஆனால் 28 முற்பாதியில் இருப்பது, அது மாறாது. படமும் எழுத்தன்று, அதுவும் மாறாது. ஆகவே அம்மாணவர் தம் முகத்தையும் கண்டார், நாளையும் கண்டார். மாதத்தை மட்டும் காணவில்லை. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் உபாயம் அன்றும் இருந்தது. ஆனால் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு மற்றொரு வகை என்று அதுவும் இரண்டாய்ப் பிரிந்திருந்தது.

இந்நோய்க்கு மருந்து யூனிகோட் என்னும் ஒருங்குறி. உலக மொழிகள் ஒவ்வொன்றின் வரிவடிவத்துக்கும் தனித்தனி இடம் தருவது அம்முறை. 1991-இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. எனினும் எழுத்துக்கு எண் கிடைத்தால் மட்டும் போதாது. ‘கெ’ என்பதில் நாம் கொம்பை முதலில் எழுதுகிறோம்; ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னரும் வைக்கிறது. அதனை முன்னே கொணர்ந்து வரைவது பொறியின் வேலை. அவ்வேலை அறியாத பொறிகளில் கொம்பு தனியே ஒரு புள்ளி வட்டத்தோடு நின்று விழிக்கும். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பொறிகளில் இக்குறை சிறிது சிறிதாக நீங்கியது. 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது.

அதற்குள் கைப்பேசி வந்துவிட்டது. 2007-இல் வந்த ஐபோன், பழைய பக்கங்கள் சிதையாதிருக்கத் தன் திரை 980 புள்ளி அகலம் உள்ளதுபோல் பாவித்து, முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டியது. சிதையவில்லை, ஆனால் எழுத்து எறும்பாயிற்று. ‘உன் உண்மையான அகலத்தையே கொள்க’ என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதினால் அது தீரும். திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தன்னைத்தான் அமைத்துக் கொள்ளும் முறையை 2010-இல் ஈதன் மார்க்காட் என்பார் ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார். இன்று அதுவே வழக்கு. யான் சொன்ன வகுப்பறை உவமையின்படி, ஒடுங்கிய ஏட்டுக்கும் அகன்ற ஏட்டுக்கும் பொருந்தச் சொல்லும் ஆசிரியரின் முறை அது.

பார்ப்பவரும் சிறிது அறிந்திருத்தல் நலம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எழுத்துச் சிறிதாயிருக்கிறது என்று திரையளவைக் குறைத்துவிடுவது வழக்கம். அது தவறு. இக்காலத் தட்டைத் திரைகளில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதது. அளவைக் குறைத்தால் உருவம் மங்கும். பரிந்துரைத்த அளவை அப்படியே விட்டு, உருப்பெருக்கத்தை 125 அல்லது 150 விழுக்காடாக்குக. ஒரு பக்கத்தை மட்டும் பெரிதாக்கக் கன்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்துக. பழைய நிலைக்குத் திரும்பக் கன்ட்ரோலுடன் சுழியம். அழைப்பிதழைப் படமாக ஒட்டியிருந்தால் பெரிதாக்கினும் மங்கும். பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் நிரலுக்கும் விளங்காது. இன்று கைப்பேசியில் வரும் அழைப்பிதழ்கள் பெரும்பாலும் படங்களே என்பது எனக்கு வருத்தம்.

எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15 அன்று விடை கொடுத்துவிட்டது. அந்த 2003-ஆம் ஆண்டுத் தளம் ஒரு குறுந்தட்டில் என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் திறந்து பார்த்தேன். புகைப்படம் நன்றாகத் தெரிந்தது. என் நான்கு வரி வாழ்த்தை என்னாலேயே படிக்க இயலவில்லை.

அவ்வகுப்பு 2013-இல் மீண்டும் கூடியது. தளத்தை ஒருங்குறியில் புதிதாக அமைத்தனர். சூரத்துக்கும் முன்கூட்டியே அனுப்பி, தெரிகிறதா என்று கேட்டனர். அவர் இம்முறை மனைவி மக்களோடு வந்திருந்தார். தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “பாருங்கள் ஐயா, மாதத்தையும் எண்ணில் போட்டிருக்கிறார்கள்” என்று சிரித்தார். 29-12-2013 என்று இருந்தது.