பத்தாண்டுக் காரும் பூட்டிய பெட்டியும்

புக்கிட் பாத்தோக் கிரசெண்ட்டின் அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் கார் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பிரேக், டயர், ஏர்கான் என்று வருகிறவர்களை அங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு புகாருக்கு மட்டும் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைப்பார்கள். பிஐஇ விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது கியர் ஒரே இடத்தில் நின்றுவிட்டது, என்ஜின் அலறுகிறது, வேகம் ஏறவில்லை. ஓரங்கட்டி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.

கியர்பாக்ஸே போய்விட்டது என்ற பயத்தோடுதான் வருவார்கள். பல நேரம் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மக்கர் செய்வது அவற்றை ஆளும் டிசிஎம் என்கிற சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டும் வெளியே வரும் தண்டும் என்ன வேகத்தில் சுற்றுகின்றன, எண்ணெய் எவ்வளவு சூடு என்பதையெல்லாம் கவனித்து, எந்த சோலனாய்டு வால்வை எப்போது திறப்பது என்று கண நேரத்தில் தீர்மானிப்பது அதுதான். ஏதாவது பிசகினால், மேற்கொண்டு சேதம் வராமலிருக்க ஒரே கியரில் நிறுத்திவிடும். பட்டறைக்காரர்கள் வாயில் இது 'லிம்ப் மோடு'. நொண்டிக்கொண்டாவது வந்து சேரலாம்.

ஸ்கேனரை மாட்டினால் அநேகமாக பி0700 என்று காட்டும். கியர் பக்கம் ஏதோ கோளாறு, அங்கே போய்ப் பார் என்று என்ஜின் கம்ப்யூட்டர் கைகாட்டுகிறது, அவ்வளவுதான். யு0101 வந்தால் டிசிஎம் பதிலே சொல்லவில்லை என்று பொருள். இரண்டில் எது வந்தாலும் பெட்டியை மாற்றியே தீரவேண்டும் என்றில்லை. நல்ல பட்டறையில் முதல் கேள்வி, "பேட்டரி எப்போ மாத்துனீங்கண்ணே?" என்பதாகத்தான் இருக்கும். மின்னழுத்தம் இறங்கினால் டிசிஎம் தாறுமாறாக நடந்துகொள்ளும். எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். ஃபியூஸ் சரியாக உட்காராமல் இருக்கலாம். கனெக்டருக்குள் கியர் எண்ணெய் கசிந்து ஊறியிருக்கலாம். இவற்றைப் பார்க்க ஒரு மீட்டரும் அரைமணிப் பொறுமையும் போதும். ஸ்கேனரில் தெரிந்த எழுத்தை வைத்தே புதுப் பெட்டிக்கு ஆர்டர் போடுகிற இடத்தில் காரை விடாதீர்கள்.

மெய்யாகவே பெட்டி கெட்டுப்போவதும் உண்டு. அதில் சூட்டுக்குப் பெரும்பங்கு. பல கார்களில் டிசிஎம் கியர்பாக்ஸின் மேலேயோ, உள்ளே எண்ணெயில் மூழ்கியோ இருக்கிறது. நம் ஊர் வெயிலில், சிவப்பு விளக்குக்கு விளக்கு நின்று நின்று போகும்போது அது வெந்து வெந்து ஆறுகிறது. ஓர் அமெரிக்க நிறுவனத்தின் இரட்டை கிளட்ச் கார்களில் டிசிஎம் பலகையின் ஈயப் பற்றுகள் விரிசல் விட்டதால், 2014ல் அந்தப் பெட்டிக்கு மட்டும் உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 150,000 மைல் என்று அங்கே நீட்டிக்க வேண்டிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு நடந்தது நமக்கு இன்னும் நெருக்கம். 2013 நவம்பரில் ஒரு ஜெர்மானிய நிறுவனம் உலகெங்கும் சுமார் 1.6 மில்லியன் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் ஏழு கியர் கொண்ட கியர்பாக்ஸில் ஊற்றியிருந்த சிந்தெடிக் எண்ணெய், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களின் நெரிசலில் மின்சுற்றை ஷார்ட் ஆக்கக்கூடும் என்று தெரியவந்தது. ஃபியூஸ் போனால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், சக்கரத்துக்கு விசை போகாது. எண்ணெயை வடித்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றுவதுதான் பரிகாரம். எந்தக் குளிர் தேசத்தில் சோதித்துப் பார்த்தார்களோ என்று ஒரு தரம் முணுமுணுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கார் வைத்திருப்பவர்களைக் கவலைப்பட வைக்க வேண்டியது சூடு அல்ல என்பது என் எண்ணம். பெட்டிக்குள் போட்டிருக்கும் பூட்டுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முன்பெல்லாம் ஆல்டர்னேட்டர் போனால் அதே மாடல் பழைய வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் காரை அனுப்பிவிடுவார்கள். டிசிஎம்மில் அது நடக்காது. பல ஐரோப்பியக் கார்களில் அது அந்த வண்டியின் சேசிஸ் எண்ணோடும் திருட்டுத் தடுப்புப் பூட்டோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. வேறு காரிலிருந்து எடுத்துப் பொருத்தினால் வண்டி நகராது. புதிதாக வாங்கினாலும் மாட்டியவுடன் ஓடாது. நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொண்டு மென்பொருளை ஏற்ற வேண்டும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில ஜப்பானியக் கார்களில் வால்வுத் தொகுதியின் அளவீட்டுக் கோப்பையும் ஏற்றியாக வேண்டும். எண்ணெய் மட்டத்தைக்கூடக் குறிப்பிட்ட சூட்டில்தான் பார்க்க வேண்டும். இதில் ஸ்பேனர் வேலை கொஞ்சம்தான், மீதிக்கெல்லாம் அனுமதி வேண்டும். அந்த அனுமதி காரை விற்கும் ஏஜென்ட் கையில்.

இன்னொன்று மனதை அறுக்கிறது. ஒரு ஜெர்மானியக் கியர்பாக்ஸில் வேகம் அளக்கும் சென்சார்கள் டிசிஎம்மோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கின்றன. விரல் நுனி அளவு சென்சார் ஒன்று செத்தால், தனியாக மாற்ற வழியில்லை என்று முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வார்கள். சென்சாரை மட்டும் கழற்றி வேறொன்றைப் பற்றவைக்கத் தெரிந்த கைகள் உலகத்தில் இருக்கின்றன. ஏஜென்ட் பட்டியலில் அந்த வேலைக்கு ஒரு வரிகூட இருக்காது.

சிங்கப்பூரில் இந்தப் பூட்டு ஏன் கூடுதலாக எரிச்சலூட்டுகிறது என்றால், நல்ல டிசிஎம்முக்கு இங்கே பஞ்சமே இல்லை. பத்து வருடம் ஆனதும் பதிவை ரத்து செய்து, ஒரு மாதத்துக்குள் ஸ்கிராப்புக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்புகிறோம். ஓடிக்கொண்டிருந்த காரைத்தான் உடைக்கிறோம். அதன் டிசிஎம் இன்னும் பல வருடம் உழைக்கும். பக்கத்து வண்டிக்கு அது தேவை, ஆனால் பூட்டியிருப்பதால் குப்பை.

பத்து வருடம் முடிந்தும் காரை வைத்துக்கொள்ள அதன் உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்தவர்கள் பாடு இதைவிட மோசம். 2023 அக்டோபரில் ஏ பிரிவு 106,000 வெள்ளியையும் பி பிரிவு 150,001 வெள்ளியையும் தொட்டபோது, பழைய காரையே வைத்துக்கொள்வோம் என்று எத்தனையோ குடும்பங்கள் கணக்குப் போட்டன. கழிவுத்தொகையை விட்டுக்கொடுத்து, ஆண்டுதோறும் சோதனைக்குப் போய், ஏறிக்கொண்டே போகும் சாலை வரியையும் கட்டி, காரை 12, 13 வயதுக்குக் கொண்டுவந்த பிறகு டிசிஎம் கைவிரித்தால்? உத்தரவாதம் முடிந்து பல காலம். ஏஜென்ட் சொல்லும் தொகையைப் பார்த்துவிட்டு, மீதமிருக்கும் சிஓஇ மாதங்களை விரல்விட்டு எண்ணுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. ஏழு வயதுக் கார் வைத்திருப்பவர், இப்போதே ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று யோசிக்கத் தொடங்குகிறார். ஒரு பெட்டிக்காக ஒரு முழுக் கார் போகிறது.

திருட்டைத் தடுக்கவும் பாதுகாப்புக்காகவும்தான் பூட்டு என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கார் திருட்டு அபூர்வமாக இருக்கும் இந்தத் தீவில் அந்த நியாயத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் அதிகம்.

சட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இல்லை. வெளியே சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்று கார் விற்பவர்கள் போட்டிருந்த நிபந்தனை, போட்டித்தன்மை அமைப்பு தலையிட்டதால் 2017 டிசம்பரில் இங்கே விலக்கிக்கொள்ளப்பட்டது. எண்ணெய் மாற்ற எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற சுதந்திரம் அதில் கிடைத்தது. மென்பொருள் அப்படியே பூட்டில் இருக்கிறது. இந்தியா இன்னும் கடுமையாகப் போனது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகள் தனிக்கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012ல் மக்களே வாக்களித்துப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

இங்கே பட்டறைகள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. கெட்ட டிசிஎம்மைத் திறந்து, மேசைமேல் வைத்து ஒயர் கொடுத்து, உள்ளிருக்கும் தகவல் முழுவதையும் படித்து, ஸ்கிராப்பிலிருந்து வந்த அதே எண் கொண்ட பெட்டியில் எழுதிவிடுகிறார்கள். இதற்குக் 'குளோனிங்' என்று பெயர். வண்டிக்குத் தன் பழைய பெட்டியே திரும்பி வந்துவிட்டது என்ற நினைப்பு வரும், சர்வரின் தயவும் தேவைப்படாது. எல்லா மாடலிலும் இது முடியாது. அரைகுறையாகச் செய்தால் இருந்ததும் போய்விடும். ஜோகூருக்குக் கொண்டுபோனால் கூலி குறையும் என்று சிலர் கிளம்புகிறார்கள். எல்லை தாண்டும்போது இருந்தாக வேண்டிய முக்கால் டாங்க் பெட்ரோலும் இழுவை வண்டிச் செலவும் போக மிச்சம் எவ்வளவு என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவழியில் லிம்ப் மோடில் விழக்கூடிய வண்டியைக் காஸ்வேயில் ஓட்டுவது என்னளவில் வீண் வம்பு.

2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தியில் ஓட வேண்டும். 2024லேயே புதிய கார்களில் மூன்றில் ஒன்று மின்கார். கியர்பாக்ஸ் தொல்லை ஒழிந்தது என்று சிலர் நிம்மதியடைகிறார்கள். மின்காரில் பெட்டிகள் அதிகம், பேட்டரியை ஆள்வதற்கே ஒன்று. ஒரு டிசிஎம் பூட்டைத் திறக்கவே இத்தனை வருடம் கற்க வேண்டியிருந்த கிரசெண்ட் பட்டறைகள், அவற்றை எப்போது, யாரிடம் போய்க் கற்கும்?

இப்போதைக்கு உங்கள் காரில் டிசிஎம் மாற்றச் சொன்னால், கழற்றிய பழைய பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுப் பண்டமாகத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், விலைச்சீட்டில் அதற்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புதியது தகராறு செய்தால் குளோன் செய்யத் தேவைப்படும் தகவல் அந்தப் பழைய பெட்டிக்குள்தான் இருக்கிறது.