பாயும் கண்ணும் தடுக்கும் மூளையும்

ஓரத்தில் ஓர் ஒளி மின்னினால், நாம் எண்ணுமுன்னரே கண் அங்கே பாய்கிறது. நடுமூளையின் பின்புறமுள்ள இரு சிறு மேடுகளே இப்பாய்ச்சலை ஏவுகின்றன. ஆபத்தில் இது துணை. ஆயினும் ஒவ்வொரு மினுக்கத்திற்கும் கண் ஓடினால் ஒரு வரியேனும் படிக்க இயலுமா?

பீட்டர் ஹாலெட் என்னும் அறிஞர் 1978-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒளி வலப்புறம் தோன்றினால் இடப்புறம் நோக்க வேண்டும், அவ்வளவே. செய்து பார்ப்பவருக்கே அதன் அருமை விளங்கும். நலமுள்ள பெரியோரும் சிற்சில முறை தவறுவர். சிறுவரோ மிகுதியாகத் தவறுவர். கண்ணைத் தடுக்கும் நெற்றிப்புற மூளை அவர்களுக்கு இன்னும் முதிரவில்லை. (கவனமில்லை என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனை அறிவது நலம்.) அப்பகுதி பழுதுற்ற பெரியவர்களும், விதியை அறிந்திருந்தும், ஒளியையே நோக்கிவிடுவதை 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று.

தடை என்பது அவ்வப்போது இடப்படுவதும் அன்று. மூளையின் அடிப்பகுதி நரம்புத் திரள்கள் அம்மேடுகளை இடையறாது அடக்கி வைத்துள்ளன. பார்வை பாய வேண்டிய கணத்தில் மட்டுமே அப்பிடி தளர்கிறது.