கப்பல்காரரின் விமான டிக்கெட்டும் ஓர் எழுத்தும்

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். சிங்கப்பூரில் கப்பல் ஏறுவதற்காகச் சென்னையிலிருந்து விமானத்தில் போயிருக்கிறான். பக்கத்து இருக்கைக்காரருக்கு அந்தப் பயணத்துக்கான சலுகை மைல்கள் அவருடைய விமான உறுப்பினர் கணக்கில் ஏறிவிட்டன. மகனுக்கு ஒன்றுமே ஏறவில்லை. ஒரே விமானம், ஒரே வரிசை, ஒரே சாப்பாடு, இதில் ஏன் பாகுபாடு என்று கேட்கிறார்.

டிக்கெட்டில் எகானமி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து தனியாக நிற்கும். அதுதான் புக்கிங் கிளாஸ். எங்கே உட்காருகிறோம் என்பதை அது சொல்லாது. அந்த இடம் எந்தப் பேரத்தில் விற்கப்பட்டது என்பதைச் சொல்லும். எகானமி முழுக் கட்டணத்துக்குப் பெரும்பாலும் ஒய். மற்ற எழுத்துகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கிக்கொள்கிறது. ஒன்றில் நடுத்தரக் கட்டணமாக இருக்கும் கே இன்னொன்றில் அடிமட்டமாக இருக்கலாம். அதே எழுத்தில் தொடங்கும் நீளமான குறியீட்டை ஃபேர் பேஸிஸ் என்பார்கள். தேதி மாற்றலாமா, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்ற நிபந்தனைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது விலை ஏறும் விதம்தான். சின்ன வயதில் அப்பாவோடு காசிமேடு ஏலத்துக்குப் போவேன். வெயில் ஏற ஏற மீன் விலை இறங்கும். விற்காத மீன் கருவாட்டுக்குப் போகும். விமான இருக்கையோ கருவாடுகூட ஆகாத சரக்கு. கதவை மூடியதும் அதன் மதிப்பு பூஜ்யம். அப்படியிருந்தும் பயண நாள் நெருங்க நெருங்க விலை பெரும்பாலும் ஏறுகிறது.

இந்தக் கணக்கை 1972-இல் எழுதிவைத்தவர் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் இருந்த கென்னத் லிட்டில்வுட். மலிவுக் கட்டணம் 12,000 ரூபாய், முழுக் கட்டணம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது இரண்டாவதில் 40 சதவீதம். கடைசி நேரத்தில் முழு விலை கொடுக்க ஒருவர் வருவதற்கு 40 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால், இன்று மலிவாகக் கேட்பவரை அனுப்பிவிட்டு இருக்கையைக் காலியாக வைத்திருப்பதே லாபம். இந்தச் சிறு விதியின் மேல்தான் இன்றைய எழுத்து அடுக்குகள் வளர்ந்தன. டிக்கெட் ஏஜென்ட் திரையில் ஒய் 9, எம் 4, கே 2 என்று தெரியும். 9 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. கே-யில் இரண்டே இடம் இருக்கும்போது மூன்று பேருக்குச் சேர்த்துத் தேடினால், பெரும்பாலும் மூவருக்குமே எம் விலைதான் வரும். குடும்பத்தோடு போகிறவர்கள் ஒருமுறை தனித்தனியாகவும் தேடிப் பாருங்கள்.

கப்பல்காரர் இந்தக் கணக்கில் வசமாக மாட்டிக்கொள்வார். காற்றும் மழையும் துறைமுக நெரிசலும் கப்பலைத் தாமதப்படுத்தும். கப்பலில் சேரும் தேதி கடைசி வாரத்தில்கூட மாறும். நிறுவனம் இருக்கையைப் பிடித்துவைத்துக் காத்திருக்கும் அந்தக் கடைசி நேரப் பயணி அவர்தான். முழு விலை கேட்டால் கப்பல் கம்பெனிகள் தாங்கா. அதனால்தான் மரைன் ஃபேர் என்ற தனிக் கட்டணம் உண்டானது. சி.டி.சி. எனும் கப்பல் பணியாளர் பதிவுப் புத்தகம் உள்ளவருக்குக் கடைசி நேரத்திலும் ஓரளவு மலிவாகக் கிடைக்கும். தேதி மாற்றுவது எளிது. பல நிறுவனங்களில் 40 கிலோ வரை பெட்டி கொண்டுபோகலாம். இவ்வளவு தருகிற கட்டணத்தில் சில நிறுவனங்கள் மைலைக் குறைத்துவிடுகின்றன, அல்லது தருவதே இல்லை. வாசகரின் மகனுக்கு நடந்தது அநேகமாக இதுதான். பெட்டியின் எடையையும் தேதி மாற்றும் வசதியையும் சேர்த்துப் பார்த்தால் அவன் ஏமாந்துவிடவில்லை.

மைல் கணக்கு பரவலானது 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கிய பிறகு. பறந்த தூரமே அப்போது அளவுகோல். பிறகு எழுத்துக்கு ஏற்ற சதவீதம் வந்தது. இப்போது செலவழித்த பணமே அளவுகோலாகி வருகிறது. ஏர் இந்தியா தன் சொந்த விமானங்களுக்கு 2024-இல் அப்படி மாறிக்கொண்டது. கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் பறந்தால் இன்னும் எழுத்துதான் பேசும். ஏர் இந்தியா 2014-இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே கூட்டணிதான். ஆகவே அதில் பறந்த மைலைச் சிங்கப்பூர்க் கணக்கிலோ ஏர் இந்தியா கணக்கிலோ, ஏதாவது ஒன்றில் சேர்க்கலாம். ஒரே எழுத்துக்கு இரண்டும் வேறுவேறு சதவீதம் தரலாம் என்பதால், பட்டியலைப் பார்த்துவிட்டு உறுப்பினர் எண்ணைக் கொடுப்பது நல்லது.

எனக்கு வருத்தமெல்லாம் வேறொன்று. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கண்டம் தாண்டிப் பறக்கிறார்கள். பலருக்கு உறுப்பினர் கணக்கே கிடையாது. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது கம்பெனி என்றாலும், மைல் பறந்தவருக்குத்தான் சேரும். அவர்களைக் கப்பலுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்ட்கள் இதை ஒரு வார்த்தை சொல்லலாமே! சொல்வதற்குக் காசா பணமா? இனிஷியலை விரித்து எழுதும் நம் வழக்கத்தாலும் மைல் போகிறது: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, உறுப்பினர் கணக்கில் வேறு மாதிரி இருந்தால் கணினி ஏற்காது.

ஐயா, உங்கள் மகன் கரைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுதி ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அடுத்த டிக்கெட் வந்தவுடன் அந்த எழுத்துக்கு மைல் உண்டா என்று விமான நிறுவனத்தின் பட்டியலில் பார்க்கட்டும். மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைக் கிழித்துப் போடவேண்டாம். விடுபட்டால், பறந்த சில மாதங்களுக்குள் அதைக் காட்டித்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.